மார்கழியில் அடைத்த சன்னல்

பனி ஆகாது, பனி ஆகாது என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டில் ஒரு குழந்தையைக் கொன்றார்கள். இதை நயமாகச் சொல்ல எனக்கு வராது.

எனக்கு அப்போது ஏழு வயது. கோவையில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக வாடகை வீடு. தங்கச்சி இன்னும் சரியாகப் பேசக்கூட ஆரம்பிக்கவில்லை. கார்த்திகை பிறந்ததுமே அவளுக்கு வீசிங் வந்துவிட்டது. இருந்த ஒரே சன்னலை அம்மா சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, அதன்மேல் ஜமக்காளத்தையும் தொங்கவிட்டாள். துவைத்த துணி உள்ளேயே கொடியில் காய்ந்தது. காலையும் மாலையும் தங்கச்சிக்கு ஆவி பிடித்தாள். அத்தனை ஈரமும் எங்கே போகும்? சுவரில் ஏறியது. கட்டிலோரம் கருப்பு கருப்பாகப் பூஞ்சை படர்ந்தது. அப்பா அதன்மேல் பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார். அசிங்கம் மறைந்தது, அதோடு அவர் வேலை முடிந்தது. டாக்டரிடம் யாரும் சுவரைப் பற்றிச் சொல்லவில்லை.

மார்கழியில் அன்னூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, பிள்ளை இல்லாதவள். உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தாள். நேராகப் போய் டேப்பைக் கிழித்துச் சன்னலைத் திறந்துவிட்டாள்.

“ஏனம்மணி, ஈரத்தோட மூட்டை கட்டுனாச் சோளமே பூஞ்சை புடிச்சுப்போவுது. புள்ளைய இப்படி அடைச்சு வெச்சா என்னத்துக்காவும்?”

அம்மா எழுந்துபோய்ச் சன்னலை அறைந்து சாத்தினாள்.

“பெத்திருந்தாத் தெரியுமுங்க நங்கை.”

நாத்தனாருக்குக் கொடுக்கும் மரியாதை, அந்த ‘ங்க’வை மட்டும் விடவில்லை. அப்பா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை தட்டில் கை வைக்காமல் கிளம்பிவிட்டாள். அவள் பங்கு வடையும் எனக்கே கிடைத்தது.

பொங்கலுக்கு முன்பு ஒரு விடிகாலையில், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே தங்கச்சியின் மூச்சு நின்றுபோனது.

துக்கம் கேட்க வந்த கூட்டத்தில் வீடு புழுங்கியது. யாரோ சன்னலைத் திறந்தார்கள். திரும்பச் சாத்த அம்மாவுக்குத் தெம்பில்லை. காரியம் முடியும்வரை வெயிலும் காற்றும் உள்ளே வந்தபடியே இருந்தன. ஸ்டிக்கர் சுருண்டு கழன்று விழுந்தது. அதன் பின்னாலிருந்த கருப்பு சாம்பல் நிறமாகி, விரலால் தேய்த்தால் உதிர்ந்தது.

அழுதுகொண்டே இருக்கும் அம்மாவிடம் நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு. ஓடிப்போய், “அம்மா, செவுரு நல்லாக் காஞ்சுபோச்சு பாரு,” என்றேன்.

அம்மா சுவரைப் பார்த்தாள். திறந்துகிடந்த சன்னலைப் பார்த்தாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

நல்ல சேதி சொன்னதற்கு எதற்கு அடி என்று வெகுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.