அன்னாசியும் பாலாடையும்

கல்யாணம் ஆன நாளிலிருந்தே என் மகளின் மாமியார் என்னை வீம்புக்காரி என்று நினைத்திருந்தார். பேச விருப்பமில்லாதவள் வேறு, பேச வராதவள் வேறு. நான் பேச வராதவள். அவர்கள் வந்தால் காப்பியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். "உங்க அம்மைக்கு எங்களக் கண்டா ஆவாதோ?" என்று சம்பந்தி கேட்டதாகச் சொல்லி மகள் ஒருமுறை அழுதாள்.

பேரனுக்குச் சர்ச்சில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, விருந்து எங்கள் வீட்டில். பிரியாணி வைக்க ஆள் வந்திருந்தது. கடைசியில் பந்தியில் விளம்புகிற புரூட் சாலட் மட்டும் என் பொறுப்பு. நாலு பேர் முன்னால் நின்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. கத்தியைப் பிடித்துவிட்டால் தெரியும்.

டப்பா கிரீம் நான் வாங்குவதில்லை. முந்தின நாளே தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடுவேன். தண்ணீர் வடிந்து வெண்ணெய் மாதிரி நிற்கும். அதோடு சேர்த்து வைத்த பாலாடை, ஊறவைத்து மையாக அரைத்த அண்டிப்பருப்பு, முந்திரியைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம், பிறகு சீனி, ஏலக்காய், ஒரு நுள்ளு உப்பு. கரண்டியைத் தூக்கினால் அவசரமில்லாமல் விழ வேண்டும். மாம்பழமும் மாதுளையும் திராட்சையும் நறுக்கிக் கலந்து வைத்திருந்தேன். மட்டி வாழைப்பழத்தை மட்டும் விளம்பப் போகும்போதுதான் உரிப்பேன், முன்னமே நறுக்கினால் கறுத்துவிடும்.

பூசை முடிந்து எல்லாரும் வந்தார்கள். சம்பந்தி நேரே அடுக்களைக்கு வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. பேச்சிப்பாறைக்கு மேலே அவர்கள் தோட்டத்து விளையில் பறித்த அன்னாசியைச் சீவி, நறுக்கியே கொண்டுவந்திருந்தார்.

"மைனி, இதயும் அதுல தட்டிருதேன். பிள்ளையளுக்குப் பிடிக்கும்," என்று வாளியைச் சரித்தார்.

நான் பாத்திரத்தின் மேல் கையை வைத்து மறைத்தேன். "வேண்டாம் மைனி."

மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "எம்மா, போட்டுட்டுப் போட்டும். அத்த என்ன நெனைப்பாவ?"

என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வேகவைக்காத பச்சை அன்னாசி பாலிலும் தயிரிலும் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் கசப்பு ஏறிவிடும். கசந்தால் வந்தவர்கள் அன்னாசியைச் சொல்வார்கள், பிறகு அதைக் கொண்டுவந்தவரைச் சொல்வார்கள்.

"எங்க விள அன்னாசி கசக்குமா? தேனாக்கும் அது," என்றார் சம்பந்தி. முகம் சிவந்திருந்தது.

"பழம் தேன்தான் மைனி. பாலும் அதும் சேராது. கொஞ்சம் கலந்து வைக்கேன். சாப்பிட்டுட்டு வந்து நீங்களே தின்னு பாருங்க."

ஒரு தம்ளரில் என் கலவையையும் அவருடைய துண்டுகளையும் போட்டு மூடினேன். மிச்ச அன்னாசியில் சீனியைத் தூவி அடுப்பில் வைத்தேன். "கொதிச்சு ஆறினா கசக்காது, சேத்துக்கிடலாம். உங்க பழம் இல்லாம நான் விளம்ப மாட்டேன்."

அவர் வாளியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். மகள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் கொதித்த அன்னாசியை அகலத் தட்டில் பரப்பி விசிறிக்கொண்டிருந்தேன்.

பிரியாணி முடிந்து சம்பந்தி திரும்பி வந்தார். தம்ளரை எடுத்து ஒரு வாய் வைத்தவர் ஓடிப்போய்த் துப்பினார்.

"ஏயம்மா, கசாயம்லா இது."

ஆறின அன்னாசியில் கலவையை ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே தின்று முடித்தார். கிண்ணத்தை வழித்தார்.

"இவ்வளவு வாய வச்சிக்கிட்டா இத்தன வருசமும் ஒரு வார்த்த மிண்டாம இருந்திய?"

"அடுப்புப் பக்கம் நின்னாத்தான் மைனி எனக்கு மிண்ட வரும்."

"அப்பம் இனி நான் நேரே இங்கதான் வருவேன்," என்று பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மட்டிப்பழத்தை உரிக்க ஆரம்பித்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணங்களை எடுக்கப் போனாள்.

உரித்ததில் பாதி அவர் வாய்க்குள் போனது. நான் அதையும் சொன்னேன்.

"மைனி, பழம் பாத்திரத்துக்காக்கும்."