பூட்டிய கதவும் ஒரு கிதாரும்

நான் சவுண்ட் இன்ஜினியர். எங்கள் கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸில் உள்ள பழைய மன்றத்தில் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு ஒலி அமைத்தேன். வாசிக்க வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய புரோகிரசிவ் ராக் கிதார் கலைஞர்.

"ஒரே பாட்டு அரை மணி நேரமாமே? நடுவுல டீ குடுப்பாங்களா?" என்று சிரித்தபடி, அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களுடன் வந்து உட்கார்ந்தார்.

என் பட்டியலில் இருந்த அனைத்தையும் சரிபார்த்தேன். தெருச் சத்தம் வராதிருக்க, கடைசியாகக் கதவுகளையும் பூட்டினேன். அதுதான் நான் செய்த தவறு.

பாட்டின் நடுவே அவர் ஒற்றைச் சுரத்தை நீட்டி, மெல்ல மெல்ல மேலே ஏற்றினார். எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் வயதான பெண்கள் எல்லோரும் எழுந்து கதவை நோக்கி ஓடினார்கள். சுரங்கம் இயங்கிய காலத்தில், ஷிப்ட் நேரம் அல்லாத வேளையில் சுரங்கத்துச் சைரனான சங்கு ஊதினால், கீழே ஏதோ ஒரு ஷாஃப்ட்டில், அதாவது சுரங்கக் குழியில், விபத்து என்று அர்த்தம்.

ஒலியை நிறுத்திவிட்டுச் சாவியுடன் ஓடினேன். அம்மா நெரிசலில் கதவோடு நசுங்கி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். திறந்ததும் என் கையைப் பிடித்து, "எந்த ஷாஃப்ட்டுடி? அப்பாக்கு இன்னிக்கி இன்னா ஷிப்ட்டு?" என்றார்.

சுரங்கத் தொழிலாளியாக இருந்த அப்பா காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

கிதார் கலைஞர் பதறி வந்து, "நான் ஏதாவது தப்பா வாசிச்சிட்டேனா?" என்று கேட்டார்.

"தப்பில்லீங்க," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "அப்படியே எங்க சங்குங்க அது."

இப்போது நான் எந்தக் கதவையும் பூட்டுவதில்லை. ஒத்திகைக்கு அந்தந்த ஊர்ப் பெரியவர்கள் இருவரை அழைத்து உட்காரவைக்கிறேன். பாட்டின் எந்த இடத்தில் அவர்கள் பார்வை வாசலுக்குப் போகிறதோ, அதைக் குறித்துக்கொள்கிறேன்.