சக்கரத்துக்குக் கீழே வெட்டப்பட்ட படம்

"சனிக்கிழமை. சித்தூரில் மாலைக் காட்சி. அக்காவும் வந்தாள். நம்ம ஊர் மலை படத்தில் வருகிறது. வழியெல்லாம் மழை." பத்தாம் வகுப்பில் எழுதிய நாட்குறிப்பு இவ்வளவுதான். போன மாதம் இதைப் பத்து முறையாவது படித்திருப்பேன்.

நகரி பக்கம் அக்காவின் நிலத்துக்குப் பாறையோரமாகப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்தை வாங்கியவர் வேலி போட்டு அடைத்துவிட்டார். பாதையே இருந்ததில்லை என்கிறார். வழக்கு சித்தூர் கோர்ட்டில் நடக்கிறது. நாட்குறிப்பில் எழுதிய அந்தப் படத்தின் ஒரு பாட்டில் மாட்டுவண்டி அதே பாறையோரம்தான் வரும் என்று மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, நினைவு வந்தது. இணையத்தில் தேடி எடுத்தோம். பாறை இருக்கிறது, மாடு இருக்கிறது, சக்கரத்தின் மேல்பாதியும் இருக்கிறது. தரை இல்லை. அகலத்திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள்.

வீடியோவின் தொடக்கத்தில், அளவு மாற்றப்பட்டது என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். பலர் அதைக்கூடப் போடுவதில்லை என்று நான்தான் பாராட்டினேன். அதைக் கோர்ட்டில் கொடுத்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியையே படித்துக் காட்டி, மாற்றிய படம் எப்படிச் சாட்சியாகும் என்று கேட்டார்.

வெட்டியதைத் தட்டிக்கேட்க முடியாதா என்று எங்கள் வக்கீலிடம் கேட்டேன். படத்தைச் சிதைத்தால் கேட்கும் உரிமை அதை ஆக்கியவருக்குத்தான், சட்டத்தின் கண்ணில் அது தயாரிப்பாளர், பார்த்தவனுக்கு அதில் இடமில்லை என்றார். வெட்டாத பிரிண்ட் எங்காவது கிடைக்குமா என்று, திருப்பதியில் முன்பு தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவரைப் போய்ப் பார்த்தேன். படப்பெட்டிகள் மெட்ராஸுக்குத் திரும்பிவிடும், பழைய பிரிண்டுகளைக் கழுவி ஃபிலிமில் பூசிய வெள்ளியை எடுத்துவிடுவார்கள் என்றார்.

கடைசியில் மாமா, தியேட்டரில் பாதையைப் பார்த்ததாக என்னைப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்கு மலை நினைவிருக்கிறது, வண்டி நினைவிருக்கிறது. தரை நினைவில்லை என்றேன்.

"இன்னா மச்சான், பேஞ்ச மழைய எழுதி வச்சிக்கினு கீற. ஒரு பாதைய எழுதலியா?" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. "நானும்தான் உன் பக்கத்துல குந்திக்கினு பாத்தேன். எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியலியா?"

படம் பார்த்தேன், அன்று திரையில் அது இணையத்தில் இருப்பதைவிட உயரமாக இருந்தது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு அக்கா போன் எடுப்பதில்லை.

அரசுக் காப்பகம் ஒன்றுக்கு எழுதியிருந்தேன். ஒரு பிரிண்ட் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். பாட்டு வரும் ரீல் அதில் இருக்கிறதா, இருந்தால் அந்தப் பாறையடியில் பாதை தெரிகிறதா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.