குழாய் டாக்டருக்குப் பிடிபடாத சத்தம்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவர் குழாய் டாக்டர். சுவரில் காதை வைத்து, கண்ணை மூடி, "இங்கதான், உடை" என்பார். உடைத்தால் அங்கேதான் கசிவு இருக்கும். இருபத்தாறு வருஷமாக இப்படி. கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்வார். வேலை தெரிந்தவர் பீற்றிக்கொள்ளாமல் வேறு யார் பீற்றிக்கொள்வது?

அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று மூன்றாவது தடவையாகச் சம்பந்தி வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

மகளைக் கட்டிக்கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. மாமியார் வீட்டில் பழைய குழாய் துருப்பிடித்துவிட்டது என்றதும், "எங்கப்பா மாதிரி யாராலயும் செய்ய முடியாது அத்தை" என்று சொல்லி அவரை வரவழைத்தவளே அவள்தான். அவரும் குளியலறைக்குப் போகும் குழாயைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மறுநாளே ஆரம்பித்தது வினை. சமையலறையில் தண்ணீர் பீறிட்டது. குளியலறையில் நூலாக இழுத்தது. மூடினால் சுவருக்குள் தடதடவென்று சத்தம். அவர் வந்து தட்டிப் பார்த்தால் மட்டும் நன்றாக வரும். வாசலைத் தாண்டினால் பழைய கதைதான்.

"என்னைக் கண்டா மட்டும் ஒழுங்கா வருதே, சனியன்!" என்று குழாயையே திட்டினார்.

காற்று அடைத்திருக்குமோ என்று எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டார். தொட்டியைக் கழுவினார். குழாய் ஆடாமல் கிளிப் அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. போன வாரம், "நீங்க வாங்கின வால்வு மட்டம் சம்பந்தியம்மா" என்று பழியை அங்கே போட்டார். அந்த அம்மாள் மறுபேச்சுப் பேசாமல் வேறு வால்வு வாங்கி வைத்தார். மாட்டியும் ஆயிற்று. சத்தம் அப்படியே இருந்தது.

"அத்தை ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள் மகள், மெதுவாக. "ஆனா இப்பல்லாம் நான் செய்ற எதையும் ரெண்டு தடவை சரிபாக்குறாங்க."

தன் மானம் கப்பலேறினால் ஏறட்டும். இவள் எதற்கு இங்கே தலைகுனிய வேண்டும்? மறுபடி காதை வைத்தார். ஒன்றும் புரியவில்லை. புரியாத கோபத்தில், தான் போட்ட இணைப்பையே அறுத்தார்.

உள்ளேயிருந்து நீலக் கட்டம் போட்ட ஈரத்துணி எட்டிப் பார்த்தது. அவருடைய துண்டின் கிழிசல்! ஈரத்தில் பசை பிடிக்காது என்று, சொட்டும் தண்ணீரைத் துணியால் அடைத்துக்கொள்வார்கள், ஒட்டுமுன் உருவிவிடுவார்கள். அன்றைக்குச் சம்பந்தியம்மா வந்து நிற்கவும், மரியாதைக்கு எழுந்தவர் உருவ மறந்துவிட்டார். அவர் தட்டும்போதெல்லாம் துணி புரண்டு வழிவிட்டிருக்கிறது. பிறகு மறுபடி அடைத்திருக்கிறது.

"என்ன சம்பந்தி, ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சம்பந்தியம்மா.

அவர் வாய் திறக்குமுன் மகள் துணியைப் பறித்து முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "பழைய துருதான் அத்தை, கட்டியா அடைச்சிருந்துச்சு. அப்பா எடுத்துட்டாங்க" என்று சிரித்தாள்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பென்சில் தொலைந்ததைக்கூட மறைக்கத் தெரியாமல் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த பெண் இவள். நாலே மாதத்தில் எப்படி இவ்வளவு சரளமாக வருகிறது? இன்னும் எதையெல்லாம் இப்படிச் சிரித்துக்கொண்டே சமாளிக்கிறாளோ? குழாய் புரிந்துவிட்டது, பெற்ற பெண்தான் புரியவில்லை.

"துரு இல்லைங்க, என் துணி" என்றார். "நான்தான் உள்ளயே வச்சு ஒட்டிட்டேன். உங்க வால்வு நல்ல வால்வு. என்னைக் காப்பாத்தத்தான் இவ பொய் சொல்றா."

சம்பந்தியம்மா மருமகளையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

"ஏம்ப்பா சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பேனே!"

"அதாம்மா பயமா இருக்கு. நாளைக்கு உனக்கே ஒரு கஷ்டம்னாலும், என்கிட்ட இப்படித்தானே சிரிப்ப?"

மகள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதாள்.