கீழ்வீட்டு சீஸ்கேக்

ஜெர்மனியின் வுப்பர்டாலில் நான் தங்கியிருக்கும் வீட்டு வாசுகி அக்கா என்னைக் கீழ்வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கே யூதப் பெண்மணி மிரியம் தனியாக இருக்கிறார். நாளை ஷாவுவோட், அவர்கள் பால் பலகாரம் உண்ணும் பண்டிகை. வருடந்தோறும் சீஸ்கேக் சுட்ட அவர் கணவர் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். இம்முறை ஒன்றும் வேண்டாம் என்றிருக்கிறார் மிரியம்.

“இருபது வருசமா அவரின்ர கேக்கைச் சாப்பிட்டனாங்கள். பேசாமல் இருக்க ஏலாது,” என்கிறார் அக்கா.

மிரியமின் பாத்திரங்களிலேயே அக்கா பாலாடைக்கட்டியையும் முட்டையையும் குழைத்துச் சுட்டு எடுக்கிறார். மிரியம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கேக் ஆறியதும் ஒரு துண்டை வாயில் போட்டு முகம் சுளிக்கிறார். ஜெர்மனில் ஏதோ சொல்கிறார்.

“என்ன சொல்றாங்க அக்கா?”

“எலுமிச்சை காணாதாம். தன்ர மனுசன் இப்பிடிச் செய்யமாட்டாராம்.”

அக்கா பதில் சொல்வதற்குள் மிரியம் எழுந்து கை கழுவி, அடுத்த கேக்குக்கு முட்டை உடைக்கத் தொடங்குகிறார்.