சூட்டில் கிளம்பாத வண்டி

"இன்னொரு தடவ இது வழியில நின்னுச்சுன்னா வித்துரணும், கேட்டீங்களா," என்றாள் என் மனைவி. மயூர் விஹார் காய்கறிச் சந்தைக்கு வெளியே, ஜூன் மாதத்து அனல் காற்றில், நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். ஒரு கையில் வெண்டைக்காய்ப் பை. இன்னொரு கையால் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அறுவை சிகிச்சை நடந்தது என் நெஞ்சில். நான் கிக்கரை உதைப்பதைப் பார்த்து வலித்தது அவளுக்கு.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஜனவரியில் எனக்கு பைபாஸ் செய்தார்கள். மார்பெலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வண்டி ஓட்டலாம் என்று மே மாதத்தில்தான் டாக்டர் அனுமதி கொடுத்தார். அதிலும் செல்ஃப் ஸ்டார்ட் மட்டும்தான், கிக் உதைக்கும் வேலையெல்லாம் இப்போதைக்கு வேண்டாம் என்று என்னிடம் ஒருமுறையும் அவளிடம் ஒருமுறையும் சொல்லி அனுப்பினார்.

லோதி ரோடு அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகலாமே என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது. போகலாம்தான். ஆனால் நான்கு மாதம் பிறர் கையைப் பிடித்து நடந்தவனுக்குத்தான் தெரியும், தன் வண்டியில் ஏறித் தானே போவது என்றால் என்னவென்று. அந்த மோட்டார் சைக்கிள் வீட்டில் இருக்கும்வரை நான் ஆபீஸ் போகிற மனிதன். அதை விற்றுவிட்டால் நோயாளி. இதை அவளிடம் விளக்கமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரி சரி, பாப்போம்," என்று எரிந்து விழுந்தேன்.

வண்டியின் குணம் இதுதான். காலையில் வீட்டில் கிளப்பினால் கொஞ்சம் முனகிவிட்டுக் கிளம்பிவிடும். நன்றாக ஓடும். ஓடிச் சூடான பிறகு எங்காவது நிறுத்தினால் போச்சு. செல்ஃபை அமுக்கினால் டக் டக் என்று மட்டும் கேட்கும். கிக்கருக்கும் மசியாது. அரைமணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். முதல் தடவை நிஜாமுதீன் பாலம் தாண்டி பெட்ரோல் பங்கில் இப்படி நின்றது. சாப்பாடு டெலிவரி செய்கிற ஒருவர் என்னைக் கேட்காமலே தன் வண்டியை ஓரம்கட்டி, "அங்கிள்ஜி, கியர் மே டாலோ," என்று கியரைப் போடச் சொல்லிப் பின்னாலிருந்து தள்ளிவிட்டார். வண்டி கிளம்பியதும் திரும்பிப் பார்த்துக் கையசைக்கக்கூட எனக்கு நேரமில்லை. அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பங்கைக் கடக்கும்போது மனதுக்குள் ஒரு வணக்கம் போட்டுவிடுகிறேன்.

சந்தையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். இன்வெர்ட்டர் பழுது பார்க்க வாங்கி வைத்தது. சீட்டைக் கழற்றி பேட்டரியைச் சோதித்தேன். சும்மா இருக்கும்போது பன்னிரண்டு வோல்ட்டு காட்டியது. செல்ஃபை அமுக்கியதும் எட்டுக்குச் சரிந்தது. எஞ்சின் ஓடும்போது பதினான்கு வரை ஏறியது. ஆக, வண்டி ஒழுங்காகத்தான் சார்ஜ் கொடுக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ள பேட்டரிக்குத்தான் தெம்பில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது போன தீபாவளிக்கு முன்னால் போட்ட புது பேட்டரி. ஜனவரியிலிருந்து வண்டி கவர் போட்டுச் சும்மா நின்றிருக்கிறது. சும்மா நின்றால் கொஞ்சம் இறங்கும், இந்த அளவுக்கா சாகும்? கடைக்காரனைத் திட்டினேன், டில்லி வெயிலைத் திட்டினேன், வேறு பேட்டரி வாங்கிப் போட்டேன். செல்ஃப் இப்போது கணீரென்று சுற்றியது. வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் ஆபீஸிலிருந்து திரும்பும்போது காலனி கேட்டில், வருகைப் பதிவுக்காக எஞ்சினை அணைத்தேன். திரும்பக் கிளம்பவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவே இல்லை. பால்கனியிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போனதும், கேட் என்பது காலனிக்குள் சேர்த்தி, அது 'வழி' ஆகாது என்று வாதாடினேன். முப்பது வருஷம் அரசாங்க விதிகளோடு குப்பை கொட்டியது ஒரு நாளாவது உதவ வேண்டாமா. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. அப்புறம் பேசக்கூடாது," என்றாள்.

அந்த ஞாயிறு காலையில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். பெட்ரோல் வருகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறியும் நன்றாக அடிக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தேன், எதிர்த்து நின்றது. காலனியை நாலு சுற்று சுற்றிச் சூடாக்கிவிட்டு மறுபடி அழுத்தினேன். தடையே இல்லாமல் தொளதொளவென்று இறங்கியது. அப்போதுதான் பிடி கிடைத்தது. உள்ளே அழுத்தம் இல்லை. வால்வு முழுசாக மூடாமல் காற்று கசிகிறது. வால்வுக்கு மேலே டாப்பெட்டில் மயிரிழை இடைவெளி விட வேண்டும். அதை இறுக்கி வைத்துவிட்டால், சூட்டில் இரும்பு விரியும்போது அந்த இடைவெளியும் போய்விடும், வால்வு மூடாது. ஆறினால் மூடும். ஆக, பேட்டரி ஒரு கோளாறு, டாப்பெட் தனியாக இன்னொரு கோளாறு. ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்தது.

ஆனால் டாப்பெட்டை இறுக்கியது யார்? நான் இறுக்கச் சொல்லவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு மார்க்கெட் மூலையில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். அவர் எஞ்சின் ஆறக் காத்திருந்து, மேல்மூடியைத் திறந்து அளந்து பார்த்துவிட்டு, "டைட் ஹை," இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்.

"கிஸ்னே கியா?" என்று உறுமினேன். யார் செய்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"மைனே," நான்தான் என்றார், கொஞ்சமும் அசராமல். "ஆண்டிஜி நே போலா தா." ஆண்டி, அதாவது என் மனைவி, சொன்னதால் செய்ததாம். பிப்ரவரியில் ஆண்டி வந்து கூப்பிட்டாராம். தினமும் காலையில் வண்டியை ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதாகவும், அங்கிள் மேலே படுத்திருப்பதாகவும், எஞ்சினின் டிக் டிக் சத்தம் அவர் தூக்கத்தைக் கெடுப்பதாகவும் சொன்னாராம். சத்தமே வரக்கூடாது, எப்படியாவது செய்துகொடு பையா என்று கெஞ்சினாராம்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், மூடிய ஜன்னலும் ரஜாய்ப் போர்வையுமாகப் படுத்திருந்தபோது, காலையில் கீழே ஏதோ ஒரு வண்டி டிக் டிக்கென்று கிளம்பி உடனே அணையும். "யார்ரா அந்த மடையன், தினமும் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றான்? பேட்டரி என்னத்துக்கு ஆகும்?" என்று நான் கத்தியிருக்கிறேன். ஆயிரம் வண்டிக்கு நடுவில் என் வண்டிச் சத்தம் தெரியும் என்று பீற்றிக்கொள்கிறவன் நான். அவள் "எதிர் பிளாக்குல யாரோ" என்று மாத்திரையை நீட்டினாள். ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் நின்றுபோனது. மடையன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன்.

இந்தக் காலத்து வண்டிகளில் முகப்பு விளக்கை அணைக்கச் சுவிட்சே கிடையாது. செல்ஃபை ஒருமுறை அமுக்கினால் செலவாகும் சார்ஜை, விளக்கும் எரிந்துகொண்டிருக்க, ஒரு நிமிட ஓட்டம் திருப்பித் தராது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் பேட்டரி வற்றியிருக்கிறது. இதை அவளிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை வரிசையாகக் கோத்துக்கொண்டே படியேறினேன்.

அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "தினமும் வண்டிய ஸ்டார்ட் பண்ணினியா?" என்று கேட்டேன்.

கத்தி நின்றது. "யாரு சொன்னா?"

"என்னத்துக்குப் பண்ணின?"

"வையாதீங்க," என்றாள். "உங்கள ஆப்பரேஷனுக்கு உள்ள கொண்டுபோனப்ப வண்டிச் சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. மறுநா காலையில துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன்லா, அப்ப சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். ஒரே அமுக்குல வந்துச்சு. சரி, நீங்களும் வந்துருவீங்கன்னு தோணிச்சு. அதுக்கு மறுநாளும் பாக்கணும்போல இருந்துச்சு."

"நான்தான் வீட்டுக்கு வந்துட்டேனே. அப்புறமும் என்னத்துக்கு?"

"வந்துட்டீங்கன்னு எப்படிங்க நிப்பாட்டுறது? ஒருநா அது வரவே இல்ல. வாட்ச்மேன் பையாவ கூப்பிட்டு உதைக்கச் சொல்லித்தான் வந்துச்சு. அதுவரைக்கும் எனக்கு உசுரே இல்ல." வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "வண்டி கெட்டுப்போனது அதனாலயா?"

நான் கோத்து வைத்திருந்த எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவளுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தெரியாது. பேட்டரியின் வோல்ட்டு மட்டும்தான் அளக்கத் தெரியும். உள்ளே கம்பி கட்டிய இடத்துக்குக் கீழே எதுவோ நிறைந்து வழிந்தது. நன்றி என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

"இல்ல," என்றேன். "அது மட்டமான பேட்டரி. கடைக்காரன் ஏமாத்திட்டான். நீ தினமும் ஸ்டார்ட் பண்ணினதுனாலதான் இவ்வளவு நாளாவது தாங்குச்சு."

அவள் என்னை நம்பினாளா என்று தெரியாது. "அப்ப விக்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேண்டாம். ஆனா இனிமே ஸ்டார்ட் பண்ணினதும் அணைக்காத. அது கொஞ்ச தூரம் ஓடணும். நானும் வாரேன்."

மெக்கானிக் டாப்பெட்டைச் சரியான இடைவெளிக்கு வைத்துக்கொடுத்துவிட்டார். பழைய டிக் டிக் சத்தம் திரும்பி வந்துவிட்டது. எந்தச் சூட்டிலும் வண்டி கிளம்புகிறது. தினமும் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் இருவரும் கீழே இறங்குகிறோம். யமுனைப் பாலம் வரை போய் வரும் வழியில் பால் வாங்கி வருகிறோம். நான் உட்கார்ந்துகொள்வேன். சாவியைத் திருப்புவதும் செல்ஃபை அமுக்குவதும் அவள் வேலை. வண்டி ஒரே அமுக்கில் வரும். அவள் என் முகத்தை ஒருமுறை பார்ப்பாள். பிறகுதான் பின்னால் ஏறுவாள்.