படியில் இடம் கேட்டவள்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். யாரையும் நம்பவைக்க எனக்குத் தெம்பு இல்லை. இது எங்கள் வீட்டில் நடந்தது.

திருப்பூர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ஒரு பழைய பஞ்சு மண்டிக் கட்டடம். ரயிலில் பஞ்சு மூட்டை போன காலத்தில் கட்டியது. கீழே வரிசையாகப் பனியன் கடைகள். அதில் ஒன்று என்னுடையது. மாடியைப் பூட்டி வருஷக்கணக்காகிறது.

போன ஐப்பசி. நல்ல மழை. கரண்ட் இல்லை. ஆறே முக்காலுக்கே ஷட்டரை இறக்கினேன். மாடிப்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, உங்க வீட்ல இடம் இருக்குமா? பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போவேன்?"

தெற்கத்திப் பேச்சு. பக்கத்தில் பிள்ளையைக் காணோம்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல வராது. மரியாதைக்காரர்களாம்! வெளியூர்க்காரருக்கு வீடு விடமாட்டோம், ஆனால் வாய் மட்டும் இனிக்கும். என் வீட்டு மாடியும் காலியாகத்தான் கிடந்தது.

"அதுக்கென்னங்க, ஊட்டுக்கு வாங்க."

சிரித்தாள். படியெல்லாம் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சேலை மட்டும் நனையவில்லை... வண்டியைக் கிளப்பிவிட்டேன். விலாசம் சொல்லவில்லை.

நல்லூரில் என் வீட்டு வாசலிலேயே மனைவி அனிதா நின்றிருந்தாள்.

"ஏனுங்க, யாரையோ வரச்சொன்னீங்களாமா? வந்துட்டாங்க. நேத்ராகூடப் பேசிட்டிருக்காங்க."

நேத்ரா எங்கள் ஒரே மகள். நான்கு வயது. பத்து வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை.

உள்ளே ஓடினேன். அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கும் சத்தம். தட்... தட்... தட்...

கதவைத் தள்ளினேன்.

சத்தம் நின்றது.

நேத்ரா மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

தொட்டேன்... தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. முடியெல்லாம் சுண்ணாம்புக் காரைத் தூள்.

கண் விழித்தாள். அனிதாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, எங்கம்மா எங்கிட்டுப் போனாக?"

எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பேச்சு வராது.

காய்ச்சல் பிதற்றல் என்றார் டாக்டர். காய்ச்சல் மூன்றே நாளில் விட்டது. பேச்சு மாறவில்லை.

பக்கத்துக் கடை நாச்சிமுத்துவிடம் சொன்னேன். முகம் வெளுத்துப்போனது.

"ராமுத்தாய்னு ஒரு புள்ளைங்க தம்பி. பனியன் கம்பெனி வேலைக்கு வந்துச்சு. நீங்க கடை எடுக்கறதுக்கு முன்னாடி. ஊடு கேட்டு இந்த வீதி பூராவும் அலஞ்சுது. எல்லாரும் வாங்க வாங்கன்னோம். ஒருத்தரும் இடங்குடுக்கலை. நாலு வயசுக் கொழந்தையோட அந்தப் படியிலயே படுத்துச்சு. மழையில மேல்காரை இடிஞ்சு உழுந்து... ரெண்டும் போயிருச்சுங்க."

படியைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"அன்னிக்குக் கடைசியா எங்கிட்டத்தான் கேட்டுது. 'எனக்கு வேண்டாம் அண்ணாச்சி... பிள்ளைக்கு மட்டுமாவது இடம் குடுங்க'ன்னு."

அவள் பிள்ளைக்கு இடம் கொடுத்துவிட்டோம். தினமும் சோறூட்டித் தூங்கவைக்கிறோம்.

எங்கள் மகள் எங்கே என்றுதான் தெரியவில்லை.